ஆய்தம்

வுப்பர்டாலில்
ஆற்றின் மேல் தொங்கியபடி போகும் ரயில்
எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே வளைகிறது.
அது கிரீச்சிடும் அந்த இடத்தில்
மேசை போட்டு ஒரு பழைய சிந்தசைசரை வைத்திருக்கிறேன்.
முப்பத்தேழு திருகுகள். ஒரு கட்டை ஊமை.
உள்ளே பேட்டரி செத்துவிட்டது,
அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.
விற்ற டெட்லெஃப் அதைச் சொன்னது
பணத்தை எண்ணி முடித்த பிறகு.

பகலில் எனக்குக் காதுக்கருவிக் கடையில் வேலை.
கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து
கழுவித் துடைத்த ஒலிகளை அனுப்புவேன்.
ஐந்நூறு ஹெர்ட்ஸ். ஆயிரம். நாலாயிரம்.
கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள்.
ஹெர் ஓட்டன்ஸ்மன்
நான் எதுவும் அனுப்பாதபோதும் அழுத்துவார்,
என் மனம் நோகக்கூடாதென்று.

அவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.
இதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஆவும் ஓவும் வீடுவரை வந்து சேரும்.
ஸ், ஷ், ஃப் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும்.
மனைவி ஃபிஷ் என்றால் அவருக்கு அது டிஷ்.
அங்கே மீன் ஆறிக்கொண்டிருக்க
இவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இரவில் நான் மறுபக்கம் உட்காருவேன்.
ஒரு புல்லாங்குழல் செய்யவேண்டும், அவ்வளவுதான்.
முதல் வாரம் ஆம்புலன்ஸ் வந்தது.
அடுத்த வாரம் கொசு.
சதுர அலையை எடுத்தால் சளி பிடித்த கிளாரினெட்.
முக்கோண அலை மிகவும் நல்ல பிள்ளை,
ஒன்றுக்கும் உதவாது.
ஃபில்டரை மெல்ல மூடினால்
ஆ, ஓவாகி, ஊவாகி
கடைசியில் வாயை மூடிக்கொள்ளும்.
அதை மட்டுமே ஒரு மணிநேரம் செய்துகொண்டிருந்தேன்.
"வாஷிங் மெஷின் பழுதோ?" என்று
படுக்கையிலிருந்து கேட்டார் இராசகுலன்.

எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஒடுக்கம்.
நாலு திருகில் முடிந்துவிடுகிறது
ஓர் ஒலியின் ஆயுசு.
எழுச்சியை நீட்டினேன், ஈர விறகின் புகைபோல வந்தது.
குறுக்கினேன், வாடகை கேட்பவன்போலக் கதவைத் தட்டியது.
நடுவில் வைத்தபோது குழலின் உடம்பெல்லாம் சரி,
ஆனால் அதை யாரும் ஊதவில்லை.

நேற்று மாலை ஓட்டன்ஸ்மன்னின் வரைபடத்தைக்
கோப்பில் வைக்கும்போது பார்த்தேன்.
இடப்பக்கம் சமதரையில் நடந்த கோடு
வலப்பக்கம் படிக்கட்டில் உருண்டு விழுந்திருந்தது.
கோட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.
அவரிடமிருந்து போனதைத்தான்
நான் என் குழலுக்குக் கொடுக்கவேயில்லை.

இரைச்சல் என்றொரு திருகு, வலக்கோடியில்.
தூசுகூடத் துடைத்ததில்லை அதன்மேல்.
ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவுக்கு
எதற்கு ஒரு திருகு என்று நினைத்திருந்தேன்.
அதைக் கொஞ்சம் திறந்தேன்.
கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி,
அதற்குமேல் இருந்தால் பிரஷர் குக்கர்.
ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால்
ஒரு துளி ஃ.
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
அரிச்சுவடியில் தனியே நிற்கும் அந்த மூன்று புள்ளி.

யாரோ உதட்டைக் குவித்தார்கள்.

பாட்டு ஒன்றும் வாசிக்கவில்லை.
ஒரே கட்டையை அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன்.
மூன்று ரயில் போயிற்று.

பிறகு நினைவு வந்தது, அணைத்தால் போய்விடும்.
காதுக்கருவித் தள்ளுபடி நோட்டீஸின் பின்பக்கம்
ஒவ்வொரு திருகின் முள்ளையும்
கடிகாரமாகப் பார்த்து எழுதினேன்:
ஃபில்டர் பத்தேகால்.
எழுச்சி எட்டரை.
இரைச்சல் ஏழரை, ஏழேமுக்காலைத் தாண்டக் கூடாது.
ஒடுக்கம் மூன்று.

காலையில் அது குளிர்சாதனப் பெட்டியின் மேல்
காந்தத்தின் கீழே இருந்தது.
இராசகுலன் தேநீரோடு நின்று படித்தார்,
இரண்டு தரம்.

"மூன்று மணிக்கு யாரை ஒடுக்கப் போகிறாய்?"

ரயில் அந்நேரம் வளைந்தது.
அவர் கேட்டதில் பாதிதான் எனக்குக் கேட்டது.
இருந்தாலும் ஓம் என்று தலையாட்டினேன்,
ஒலி வராமலே பொத்தானை அழுத்துகிறவர்போல.